வேண்டாம் என்று நான் போட்ட கையெழுத்து

1. மூன்றாவது லைன்

ஒயர் கட்டுகள் செய்யும் எங்கள் கம்பெனியைச் சோதிக்க வந்த கஸ்டமர் ஆடிட்டர் மூன்றாவது லைனில் ஐந்தாவது ஸ்டேஷன் முன்னால் நின்றார். காலையிலிருந்து அதுவரை ஒரு குறையும் வரவில்லை. அந்த ஸ்டேஷனில் நாகவேணி என்ற பெண் ஒயர் முனைகளில் இருக்கும் டெர்மினல்களைக் கனெக்டரில் செருகிக்கொண்டிருந்தாள். அஞ்செட்டிக்கு மேலே ஏதோ ஒரு மலைக்கிராமத்திலிருந்து வந்து, ஓசூரில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தவள். அவள் தலைக்கு மேலே ஒர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன் தாள் தொங்கியது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எதை முதலில், எதை அடுத்து செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும் தாள் அது. ஆடிட்டர் அதைக் காட்டி, "இதைப் படிச்சுக் காட்டும்மா" என்றார்.

நாகவேணி தாளைப் பார்த்தபடி கடகடவென்று சொன்னாள். ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. ஆடிட்டர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இன்னொரு தடவை" என்றார். அவள் மறுபடியும் சொன்னாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தத் தாளை நான்கு நாள் முன்புதான் மாற்றியிருந்தோம். லாக் விழுந்ததா என்று இழுத்துப் பார்த்த பிறகே டேப் சுற்ற வேண்டும் என்று புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தோம். அவள் சொன்னதில் அந்த வரி இல்லை. தொங்கியது புதுத் தாள். அவள் வாயிலிருந்து வந்தது பழைய தாள்.

'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற பதிவேட்டில் அவள் கையெழுத்து இருந்தது. அதற்குப் பக்கத்தில் ட்ரெய்னர் என்ற இடத்தில் என் கையெழுத்து. ட்ரெய்னர்கள் நாங்கள் எல்லோருமே ஆடிட்டுக்கு முந்தைய நாள் அந்தப் பதிவேட்டை லைனில் சுற்றவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். யார் படித்தார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

மேஜர் என்.சி., அதாவது பெரிய குறை என்ற பதிவு, விழுந்தது. அது விழுந்தால், பதில் கொடுத்து மூடும்வரை புது ஆர்டர் வராது. ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரரான எங்கள் பிளான்ட் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏன்ரீ மேடம், சைன் யாருது? உங்களுதா, அவளுதா?"

"ரெண்டும் இருக்கு சார்."

"அப்ப ரெண்டு பேரும் பொய் ஹேளிட்டீங்க. சரிதானே?"

நான் நாகவேணியை ட்ரெய்னிங் ரூமில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"பத்தாவது போனேன்னு எழுதிக் குடுத்துருக்க?"

"போனன் மேடம். ஃபெயிலு."

"படிக்கத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியுங்க மேடம். ஒரு வரி முடிக்கறதுக்குள்ள முன்னாடி வரி போயிடுது. அதான் பக்கத்து ஸ்டேஷன் அக்காவ ஒருவாட்டி சொல்லச் சொல்லி காதுல வாங்கிக்குவன். காதுல வாங்குனா போவாது."

"நாலு மாசமா என்னை ஏமாத்திட்டு இருந்துருக்க."

"வேலையில இன்னா தப்பு வந்துச்சு மேடம்? எங்கையில போன பீஸு ஒன்னாவது திரும்பி வந்துச்சா?"

வரவில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாயிற்று. மறுநாளிலிருந்து அவள் வர வேண்டாம் என்று அவளை வேலைக்கு அனுப்பிய கான்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டேன். என்.சி.க்கான பதிலில், மூலக் காரணம் கேட்கும் ரூட் காஸ் என்ற கட்டத்தில் 'ஆபரேட்டருக்கு வாசிப்புத் திறன் இல்லை' என்று எழுதினேன். இனிமேல் சேருகிற எல்லோருக்கும் இருபது கேள்விகள் கொண்ட எழுத்துத் தேர்வு, பதினாறுக்குக் கீழே வாங்கினால் லைனில் இடமில்லை என்று நடவடிக்கை எழுதினேன். கேள்வித்தாளையும் நானே தயாரித்தேன். கஸ்டமர் ஏற்றுக்கொண்டார். எங்கள் இன்னொரு பிளான்ட்டிலும் அதே தேர்வைக் கொண்டுவந்தார்கள்.

அந்த வருடம் என் மகள் கீர்த்தனா எல்.கே.ஜி. சேர்ந்தாள்.

ட்ரெய்னிங் டிபார்ட்மென்ட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். இருபத்தோரு வருட சர்வீஸ், அதில் பதினான்கு வருடம் ட்ரெய்னிங் இன்சார்ஜ். ஒயர் முனையில் டெர்மினலை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் பற்றியும் புதுப் பெண்களை எப்படி லைனுக்குப் பழக்குவது என்பது பற்றியும் எழுதத்தான் உட்கார்ந்தேன். அதையெல்லாம் மேனுவலில் படித்துக்கொள்ளலாம். மேனுவலில் இல்லாததை எழுதுகிறேன்.

2. ரீவொர்க்

கீர்த்தனா மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அவளுடைய மிஸ் என்னை வரச் சொன்னார். "வாயில கேட்டா எல்லாம் சொல்றாங்க மேடம். எழுதச் சொன்னா பாதி எழுத்தக் காணோம். வீட்ல கொஞ்சம் உக்கார வைங்க."

உட்கார வைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே முறையில் உட்கார வைத்தேன். கம்பெனியில் தப்பான பீஸுக்குச் சிவப்பு டேக் கட்டி, சிவப்புப் பெட்டியில் போட்டு, பிரித்து மறுபடியும் செய்ய வைப்போம். அதற்கு ரீவொர்க் என்று பெயர். நான் மகளின் நோட்டில் தப்பான சொற்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, ஒவ்வொன்றையும் பத்து முறை எழுத வைத்தேன். ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு சார்ட் ஒட்டினேன். தேதிவாரியாக அன்றைய தப்புகளின் எண்ணிக்கை. எங்கள் லைனில் தொங்கும் ரிஜெக்‌ஷன் சார்ட் மாதிரியே இருந்தது. கோடு இறங்கினால் அவளுக்கு ஐஸ்கிரீம். ஒரு பாடத்துக்கு ஒரு வாரம் கோடு இறங்கும். அடுத்த பாடம் ஆரம்பித்ததும் ஏறிவிடும். ஏன் இறங்குகிறது, ஏன் ஏறுகிறது என்று நான் யோசிக்கவில்லை. வேலையில் அப்படி ஒரு கோட்டைப் பார்த்திருந்தால் அன்று சாயங்காலமே மீட்டிங் போட்டிருப்பேன்.

என் கணவர் கோவில்பட்டிக்காரர். வேறொரு கம்பெனியில் மெஷின் ஷாப்பில் ஷிப்ட் வேலை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், "இது வீடா, கம்பெனியா? வர்றவன் போறவன்லாம் அந்தப் பேப்பரப் பாத்துட்டுப் போறான். பிள்ள மூஞ்சியப் பாத்தியா நீ?"

"நீங்க ஷிப்ட் முடிச்சு வந்து படுத்துக்குவீங்க. நானாவது பாக்க வேணாமா?"

"பாரு, வேண்டாம்னு சொல்லல. சார்ட்டப் பாக்காத. பிள்ளையப் பாருன்னுதான் சொல்லுதேன்."

ஆறாம் வகுப்பில் ஒரு சாயங்காலம் அவள் சமூக அறிவியல் பாடத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்டேன். நன்றாகப் படித்தாள். பாராட்டலாம் என்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு தாள்களை ஒன்றாகத் திருப்பியிருக்கிறாள். புத்தகத்தில் திறந்திருந்தது வேறு பாடம். அவள் விரல் அந்த வேறு பாடத்தின் வரிகள்மேல் ஒழுங்காக நகர்ந்துகொண்டிருந்தது. வாய் மட்டும் வகுப்பில் காதில் வாங்கியதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அறைந்துவிட்டேன். அவள் அழவில்லை. "எந்தப் பக்கம்மா?" என்று கேட்டாள்.

அந்த நிமிடம் நாகவேணி ஞாபகத்துக்கு வந்தாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை.

எட்டாம் வகுப்பில் புதிதாக வந்த தமிழாசிரியை ஒருவர்தான், "இது சோம்பேறித்தனம் இல்லைங்க, ஒருதடவ காட்டிப் பாருங்க" என்று பெங்களூருக்கு அனுப்பினார். அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூர்தான். எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் அங்கேதான் ஓடுவோம். மூன்று சனிக்கிழமை சோதித்தார்கள். கற்றல் குறைபாடு என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள். சோதித்த அம்மா தமிழ் பேசினார். "அறிவுல ஒரு குறையும் இல்ல. எழுத்து வழியா உள்ள போறதுதான் கஷ்டம். காது வழியா குடுங்க. நேரம் குடுங்க. திட்டாதீங்க" என்றார்.

சார்ட்டை அன்றைக்கே கிழித்தோம். அவள் அப்பா பாடங்களைப் படித்துப் போனில் பதிவு செய்து கொடுக்க ஆரம்பித்தார். கோவில்பட்டித் தமிழில் தாவரவியல். அவள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்பாள். வாய்மொழியில் வகுப்பில் முதல் ஐந்து பேரில் வந்தாள்.

ரிப்போர்ட்டை நான் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இருவரிடமும் சொன்னேன். குறைபாடு என்ற சொல்லை அந்தத் தாளில் ஒரு முறை பார்த்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

3. கடிதம்

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சலுகை உண்டு. கூடுதலாக ஒரு மணி நேரம். பிள்ளை சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆசிரியர். கேட்டால் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் கிடைக்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே அந்தத் தமிழாசிரியை கீர்த்தனாவிடம் சொல்லிவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பத்தாம் வகுப்புக்குள்ளேயே நுழைந்தாள். "ஒரு மணி நேரம் ஜாஸ்தி இருந்தா நான் எல்லாத்தையும் சொல்லிடுவேம்மா" என்று வாரத்தில் இரண்டு முறையாவது சொல்வாள்.

அவள் படித்தது தனியார் பள்ளி. முதல்வர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். கெட்ட பெண்மணி இல்லை. என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், உங்க விருப்பந்தான். ஆனா ஒன்னு யோசிச்சுக்கங்க. சலுகைன்னு போனா மெடிக்கல் போர்டு, சர்ட்டிஃபிகேட்டு, எல்லா எடத்துலயும் பதிவாயிடும். நாளைக்குப் பொண்ணுக்கு நல்லது கெட்டது பாக்கறப்ப யாராவது அதைக் கையில எடுத்தா? நல்லாத்தான சொல்றா. இன்னும் கொஞ்சம் எழுதிப் பழகினா தாண்டிடுவா."

"யோசிச்சு சொல்றேங்க."

"லெட்டர் ஒன்னு குடுத்தனுப்பறேன். வேணாம்னா கையெழுத்து போட்டு அனுப்புங்க. வேணும்னா போர்டுக்குத் தேதி வாங்கணும், அதுக்கு நேர்ல வாங்க."

அடுத்த வாரம் காலையில் நான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கீர்த்தனா ஒரு மடித்த தாளைக் கொடுத்தாள். "ஸ்கூல்ல குடுத்தாங்க. படிச்சுப் பாரு" என்று மட்டும் சொன்னாள். அன்று ஆடிட்டுக்கு முந்தைய நாள். மேஜைமேல் அறுபது பேருடைய பயிற்சிப் பதிவுகள், எல்லாவற்றிலும் நான் கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் இந்தத் தாளையும் எடுத்தேன்.

அறுபதோடு அறுபத்தொன்றாகப் படிக்காமல் போட்டுவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கணவரிடமும் அப்படித்தான் சொன்னேன். அது உண்மையில்லை. 'எங்கள் மகளுக்குத் தேர்வுச் சலுகை எதுவும் தேவையில்லை என்று எங்கள் சொந்த விருப்பத்தின்பேரில் தெரிவிக்கிறோம். தேர்வு முடிவுக்கு நாங்களே பொறுப்பு.' முழுவதும் படித்தேன். இரண்டு முறை படித்தேன். போர்டு, பதிவு, குறைபாடு என்ற அந்தச் சொல் எல்லாம் இந்த ஒரு கையெழுத்தோடு போய்விடும் என்று தோன்றியது. போட்டேன். மடித்து, கவரில் வைத்து, ஸ்டேப்ளர் அடித்து, மறுநாள் அவள் கையிலேயே கொடுத்தனுப்பினேன்.

4. "படிச்சியா?"

அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு வகுப்பாசிரியர் சலுகை பெறுகிறவர்கள் பட்டியலைப் படித்திருக்கிறார். அந்த வகுப்பில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. கை முறிந்து பிளேட் வைத்த ஒரு பையன். கீர்த்தனா எழுந்து, "மிஸ், என் பேரு?" என்று கேட்டிருக்கிறாள்.

"உங்கம்மா வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாங்களேம்மா. உனக்குத் தெரியாதா?"

சாயங்காலம் நான் வந்தபோது யூனிஃபார்மைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார்.

"லெட்டர்ல கையெழுத்து போட்டியாம்மா?"

"எந்த லெட்டரு?"

"சலுகை வேணாம்னு."

நான் பையைக் கீழே வைத்தேன். டிபன் பாக்ஸை எடுத்து சிங்க்கில் போட்டேன். அவள் என் பின்னாலேயே வந்து நின்றாள்.

"படிச்சியா, படிக்காம போட்டியா?"

"படிக்கல பாப்பா. ஆடிட் டைம். நெறைய பேப்பரு. பாக்காம போட்டுட்டேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"சரி விடு. அவ்ளோ பேப்பர் இருந்தா யாருக்குன்னாலும் அப்படித்தான் ஆவும்."

போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். படிக்க முடியாமல் போவது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த இரக்கத்தை எனக்குக் கொடுத்தாள். நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அரையாண்டில் அறிவியல் தாளில் பாதிக்குமேல் வெள்ளையாக இருந்தது. அந்தப் பாடம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம்.

5. கிருஷ்ணகிரி

நான் லீவு போட்டேன். ஆடிட் வாரத்தில் நான் லீவு போட்டது அதுதான் முதல் முறை.

முதல்வர், "நாங்க கட்டாயப்படுத்தினமா மேடம்?" என்று கேட்டார். இல்லை என்றேன். பெயர்ப் பட்டியல் ஏற்கெனவே போய்விட்டது, இனிமேல் கிருஷ்ணகிரியில் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போய்த்தான் கேட்க வேண்டும் என்று சொல்லி ஒரு கடிதம் கொடுத்தார். பெங்களூர் ரிப்போர்ட்டை அங்கே ஏற்கவில்லை. பக்கத்து மாநிலத்துத் தாள். நம் மாவட்ட மருத்துவக் குழு பார்த்துச் சான்று தர வேண்டும். அதைப் பத்தாம் வகுப்பு ஆரம்பத்திலேயே செய்திருந்தால் இரண்டு பஸ் பயணத்தில் முடிந்திருக்கும். இப்போது ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஏழு தடவை போனோம். ஹைவேயில் சூளகிரி தாண்டும்போதெல்லாம் அவள் காதில் அப்பாவின் குரலை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். அவள் இழக்கும் ஒவ்வொரு பள்ளி நாளையும் நான் எண்ணிக்கொண்டு வருவேன்.

அலுவலகத்தில் ஓர் எழுத்தர் எங்களுக்காக மெனக்கெட்டார். "முதல்ல வேணாம்னு குடுத்துட்டு இப்ப வேணுங்கறீங்க. ஏன்னு காரணம் எழுதிக் குடுங்கம்மா, மேல அனுப்பணும்" என்று வெள்ளைத்தாள் நீட்டினார்.

நான் எத்தனை ரூட் காஸ் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. காரணம் என்ற இடத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினால் எந்த ஆடிட்டரும் ஏற்க மாட்டார். அது காரணமே இல்லை, காரணத்தை மறைக்கும் சொல் என்று நான்தான் ஒவ்வொரு பேட்ச்சிலும் பாடம் எடுக்கிறேன். பக்கத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள். 'வேலைப்பளுவில் கவனக்குறைவாகக் கையெழுத்திட்டுவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள்.

மருத்துவக் குழுவில் ஒரு டாக்டர் அவளிடம் சின்ன வகுப்புத் தமிழ்ப் பாடம் ஒன்றை நீட்டி, "மெதுவாப் படிம்மா, அவசரமில்ல" என்றார். ஒரு கிராமத்துக் குளம் பற்றிய பத்தி. அவளுக்குத் தெரியாத பத்தி, அதனால் காதில் வாங்கியது எதுவும் இல்லை. படித்தாள். ஒரு சொல். நிறுத்தம். அடுத்த சொல்லின் முதல் எழுத்து. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் வரியின் ஆரம்பத்துக்குப் போனாள். ஆறு வரிகள்தான். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் இரண்டு பேர் வெளியே போய்விட்டு வந்துவிட்டார்கள். வீட்டில் நான் அவளை இரண்டாவது சொல்லுக்குமேல் போக விட்டதில்லை. அதற்குள் நானே சொல்லிவிடுவேன், இல்லையென்றால் கத்திவிடுவேன். என் மகள் ஒரு பத்தியைத் தானாகப் படித்து முடிப்பதை நான் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"என்ன புரிஞ்சுது?" என்றார் டாக்டர்.

எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு, "அந்தக் குளம் ஏன் வத்துச்சுன்னு இதுல எழுதல சார்" என்றாள். டாக்டர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆமா, எழுதல."

பிறகு கேட்டார், "படிக்கறப்ப என்ன ஆவுது உனக்கு?"

"ஒரு வரி முடிக்கறதுக்குள்ள முன்னாடி வரி போயிடுது சார்."

நாகவேணி சொன்னதும் இதேதான். அவளையும் நான் படித்து முடிக்க விடவில்லை.

6. தேர்வு

சான்று கிடைத்தது. அனுமதி ஆணை வரவில்லை. மொழிப்பாட விலக்குக்கு நேரம் கடந்துவிட்டது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். தமிழ்த் தேர்வன்று காலை வரை நான் பள்ளிக்கு போன் செய்துகொண்டிருந்தேன். வரவில்லை. மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து, மற்ற பிள்ளைகளுடைய நேரத்தில், தன் கையாலேயே எழுதினாள். வெளியே வந்ததும், "கட்டுரைக்கு மணி அடிச்சிருச்சு" என்றாள். ஆங்கிலத்திலும் அப்படியே. அன்று வேறெதுவும் பேசவில்லை.

ஆங்கிலத் தேர்வுக்கு மறுநாள் ஆணை வந்தது.

கணக்குத் தேர்வுக்குத் தனி அறை, சொல்வதை எழுத ஓர் ஆசிரியை, கூடுதல் நேரம். எல்லோரும் போன பிறகு கடைசியாக வெளியே வந்தாள். அறிவியலுக்கும் அப்படித்தான். "அந்த மிஸ்ஸுக்குக் கை வலிச்சிருச்சும்மா. நான்தான் கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கங்க மிஸ்னேன்" என்றாள். அந்த மாதம் முழுவதிலும் நாங்கள் மூன்று பேரும் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

முடிவு வந்தது. அறிவியல் எண்பத்தொன்று. சமூக அறிவியல் எழுபத்தெட்டு. கணக்கு அறுபத்து மூன்று. தமிழ் முப்பத்தேழு. ஆங்கிலம் முப்பத்தைந்து. முப்பத்தைந்துதான் தேர்ச்சிக்கான எல்லை. ஒரு மதிப்பெண் குறைந்திருந்தால் அந்த எண்பத்தொன்றுக்கு ஒரு மதிப்பும் இருந்திருக்காது. பாஸ் என்று அவள் அப்பா இனிப்பு வாங்கி வந்தார். நான் அந்த முப்பத்தைந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் வேலையில் ஏதாவது தாளில் முப்பத்தைந்து என்ற எண்ணைப் பார்த்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன்.

7. மாற்ற முடிந்ததும் முடியாததும்

கம்பெனிக்குத் திரும்பியதும் எழுத்துத் தேர்வை எடுத்துவிட்டு, செய்முறையும் வாய்மொழியும் வைக்கலாம் என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"நீவே கொண்டாந்தது தானே மேடம் அது? கஸ்டமருக்கு ஏன் எடுத்தோம்னு இன்னா சொல்றது?"

"ரூட் காஸ் தப்பா எழுதிட்டேன்னு சொல்லலாம் சார்."

"ஏழு எட்டு வருஷம் கழிச்சா?"

"பன்னெண்டு வருஷம் ஆச்சு சார்."

அவர் தேர்வை எடுக்கவில்லை. 'தேவைப்படுகிறவர்களுக்குக் கேள்வியை ட்ரெய்னர் படித்துக் காட்டலாம், பதிலை வாயால் பெறலாம்' என்று ஒரு வரி சேர்க்க அனுமதித்தார். அந்த வரியை நீங்கள் உங்கள் கோப்பில் பார்ப்பீர்கள். அது எப்படி வந்தது என்று யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள் என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நாகவேணியைத் தேடினேன். அந்தக் கான்ட்ராக்டர் இப்போது இல்லை. அஞ்செட்டிப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேரைக் கேட்டேன். ஒருத்தி, கல்யாணமாகி ஹொகேனக்கல் பக்கம் போய்விட்டாள் என்றாள். இன்னொருத்தி, பெங்களூரில் வீட்டு வேலை செய்கிறாள் என்றாள். எந்தத் தகவலும் உறுதியில்லை.

கீர்த்தனாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு வந்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி எடுக்கும்போது சொன்னேன்.

"கீத்து, அந்த லெட்டரு நான் படிச்சுட்டுத்தான் போட்டேன்."

அவள் கையிலிருந்த துப்பட்டாவை மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"தெரியும்மா."

"எப்படி?"

"எங்கிட்டக் குடுத்த அன்னைக்கே, ஸ்கூல் வேன்ல கூட வர்ற ரம்யாவப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ரெண்டே வரிதான். அத படிக்காம போட முடியாது. நீ போட மாட்டேன்னு நெனச்சேன். அதான் ஒன்னும் சொல்லாம குடுத்தேன்."

"அப்புறம் ஏன்டி எங்கிட்ட வந்து படிச்சியான்னு கேட்ட?"

"நீ படிக்கலன்னு சொன்னா அத நம்பிடலாம்னு. எக்ஸாம் வரைக்கும் நம்பணும்ல. இல்லன்னா எப்படிப் படிக்கறது?"

துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கோபமாகப் போகவில்லை. கோபமாகப் போயிருந்தால் பின்னால் போய் ஏதாவது சொல்லியிருப்பேன்.

உங்களிடம் ஒரு பெண் வருவாள். கேட்டால் எல்லாம் சொல்வாள், தாளைக் காட்டினால் தடுமாறுவாள், அல்லது தடுமாறாமல் வேறு எதையோ சொல்வாள். ஏமாற்றுகிறாள் என்று உங்களுக்குத் தோன்றும். அவளை ஆறு வரி படிக்க விடுங்கள். எவ்வளவு நேரமானாலும் நடுவில் சொல்லிக் கொடுக்காமல் உட்கார்ந்து கேளுங்கள். பிறகு முடிவெடுங்கள். காரணம் எழுத வேண்டிய இடத்தில், உங்களுக்கு எது பயமாக இருந்ததோ அதை எழுதுங்கள். நான் இரண்டு தடவை வேறு எதையோ எழுதினேன்.

கீர்த்தனா இப்போது பிளஸ் ஒன். அரசுப் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். சலுகைக்கான விண்ணப்பத்தை இந்த வருடம் பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே கொடுத்தாயிற்று. பெற்றோர் கையெழுத்துக்கு அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் ஹாலில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய், ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்த அப்பாவை எழுப்பினாள்.